திருச்சிராப்பள்ளி மாவட்டம்: மூன்று நாட்களில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

கோணமலை ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவர்களும் இன்னும் கற்பித்துக்கொண்டிருப்பவர்களுமாக நாங்கள் சிலர் சேர்ந்து, வரும் ஆடி மாதத்தில் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று மூன்று நாட்கள் தங்குவதென்று முடிவுசெய்திருக்கிறோம். கொழும்பிலிருந்து விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் இறங்கிவிடலாம் என்கிறார்கள். திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கா போய்ச் சேருவதுதான் பயணத்தின் பெரும்பகுதியாக இருக்கும் போலிருக்கிறது.

பயண முகவர் தந்த நிரலில் காலை திருவரங்கம், பிற்பகல் சமயபுரம், மாலை மலைக்கோட்டை, மறுநாளே தஞ்சாவூர் என்று எழுதப்பட்டிருக்கிறது. கும்பிட்டுத் திரும்புவதற்கு அது போதும். அந்த மாவட்டம் ஏன் சங்ககாலம் தொட்டு வெள்ளைக்காரர் காலம் வரை ஒவ்வோர் அரசும் விடாமல் பிடித்துக்கொண்ட இடமாக இருந்தது என்பதை நேரில் பார்த்து விளங்கிக்கொள்ள அது போதாது. திருவரங்கத்திலிருந்து தொடங்குவதே முறை என்பது என் எண்ணம். அங்கே போய் வந்தவர்களும் அந்த வரலாற்றைப் படித்தவர்களும் தங்கள் கருத்தைச் சற்று விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய துருசு எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் நீர்ப்பாசனத் தொழிலில் இருந்தவன். ஆகையால் என் கண்ணுக்கு முதலில் தண்ணீர்தான் படும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். திருவரங்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். நகருக்கு மேற்கே ஏறக்குறைய 18 கிலோமீற்றரில் இருக்கும் முக்கொம்பிலிருந்து தொடங்குங்கள்.

காவிரி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி என்ற பெயரிலேயே நகரை ஒட்டிப் போகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம் ஆகிறது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் தீவுதான் திருவரங்கமும் திருவானைக்காவும். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, ஓட்டமும் நேரானது. தடுப்பார் இல்லாவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே சரிந்துகொண்டு போய்க் கடலில் விழும். தஞ்சாவூர் வயல்களுக்குப் போகவேண்டிய காவிரியோ மணல் மேடாகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கவே ஆர்தர் காட்டன் என்ற பொறியியலாளர் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். அந்த அணை 182 ஆண்டுகள் நின்றது. 2018 ஆகஸ்ட் மாத வெள்ளத்தில் ஓரிரவில் அதன் ஒன்பது மதகுகள் தூண்களோடு அடித்துச் செல்லப்பட்டன. இப்போது அதன் அருகே புதிய கதவணை கட்டியிருக்கிறார்கள்.

1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்ததைக் கண்ட தலைமுறைக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பழைய கட்டுமானம் தன் பலவீனத்தை முன்கூட்டிச் சொல்வதில்லை.

இந்தப் பிரிவை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அந்த மாவட்டத்தின் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வரும். தீவின் மேல்முனை முக்கொம்பு, நடுவில் கோயில்கள், தென்கரையில் மலைக்கோட்டையும் உறையூரும், கொள்ளிடமும் காவிரியும் மீண்டும் நெருங்கிவரும் கீழ்முனையில் கல்லணை. மேற்கிலிருந்து கிழக்காக, தண்ணீர் போகும் திசையிலேயே நீங்களும் போங்கள்.

மனையாவெளியான் எழுதியது:

பழைய துருசு அண்ணன் எழுதியதை மிகவும் விரும்பி வாசித்தேன். இருந்தாலும் இரண்டு இடங்களில் எனக்கு மறுப்பு உண்டு.

முதலாவது, கல்லணை இன்றைய நிருவாகப் பிரிப்பின்படி தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. திருச்சியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீற்றர்தான் என்பதால் எல்லாரும் அதைத் திருச்சியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இது சிறிய விடயம். இரண்டாவது அவ்வளவு சிறியதல்ல. அங்கே போகிறவர்கள் பாலத்தையும் இரும்புக் கதவுகளையும் பார்த்துவிட்டு, இதெல்லாம் கரிகாலன் கட்டியது என்று படம் எடுத்துப் பகிர்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி ஆங்கிலேயர் காலத்து வேலை. கரிகாலனோடு மரபு சேர்த்துச் சொல்வது அடியில் கிடக்கும் கல்வரிசையை மட்டுமே, அதையும் கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்று சொல்வது இலக்கியத்தையும் பிற்காலச் செப்பேடுகளையும் கொண்டு கணித்ததே தவிர, அணையிலேயே கிடைத்த சான்றைக் கொண்டு அல்ல.

நிரலில் உறையூர் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. முற்காலச் சோழரின் தலைநகர் அதுதான். கி.பி. முதலாம் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று அர்காரு என்ற ஊரின் மெல்லிய துணியைப் பேசுகிறது. அறிஞர்கள் பெரும்பாலும் அதை உறையூர் என்றே கொள்கிறார்கள். இன்று அது நகருக்குள் கரைந்துபோன ஒரு பகுதி. கோட்டையோ மதிலோ கிடையாது. ஆனாலும் கூரையில்லாமல் வெட்டவெளியில் அமர்ந்திருக்கும் வெக்காளியம்மனையும் பஞ்சவர்ணேசுவரர் கோயிலையும் பார்த்துக்கொண்டு அந்தத் தெருக்களில் ஒரு மணித்தியாலம் நடக்கலாம்.

பழைய துருசு எழுதியது:

தம்பி சொல்வதில் கரிகாலனின் காலம் பற்றிய பகுதியை வரலாற்றாசிரியர்களிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் அடியில் கிடக்கும் கல்வரிசை மட்டுமே என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "மட்டுமே"தான் முழு விடயமும்.

ஆற்று மணலுக்கு அடித்தளம் தோண்ட முடியாது. தோண்டத் தோண்ட மணலும் தண்ணீரும்தான் வரும். பெரிய பாறைகளைத் தண்ணீருக்குள் இறக்கினால் அவை தம் பாரத்தாலும் அடியில் நடக்கும் அரிப்பாலும் கொஞ்சங் கொஞ்சமாகப் புதையும். புதைந்த கல்லின்மேல் மறுபடியும் கல், நடுவில் களிமண் என்று, இனிப் புதையாது என்ற நிலை வரும்வரை அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். சாந்து கிடையாது. நீளம் ஏறக்குறைய 329 மீற்றர். வரிசையும் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகிறது. காட்டன் அந்தக் கல்வரிசையை ஆராய்ந்து, மணற்படுகையில் எப்படி அணை நிறுத்துவது என்று அதிலிருந்தே கற்றுக்கொண்டார். பின்னர் கோதாவரியில் அவர் கட்டிய அணையிலும் அந்தப் பாடம் இருந்தது. எனவே மேலே தெரியும் கதவுகள் ஆங்கிலேயருடையவை என்று சொல்லும்போது, அந்த ஆங்கிலேயர் யாரிடம் படித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கல்லணை தண்ணீரைத் தேக்கிவைக்கும் அணை அன்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கந்தளாய் தேக்குவது, கல்லணை திருப்புவது. வேண்டிய தண்ணீர் காவிரி, வெண்ணாறு பக்கம் போகும். வெள்ளம் கொள்ளிடத்துக்குள் விடப்படும். 1934இல் மேட்டூர் அணை முடிந்தபோது கல்லணைக் கால்வாய் என்ற புதிய ஆறும் அங்கிருந்து திறக்கப்பட்டது.

காவிரிக்கரை மாணவி எழுதியது:

வணக்கம் ஐயாமாரே. எனக்குச் சொந்த இடம் உவர்மலை. இப்போது திருச்சியில் படித்துக்கொண்டிருக்கிறேன். மலைக்கோட்டை பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எல்லாரும் அடிவாரத்து மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு, இடையில் தாயுமானவரைத் தரிசித்து, மேலே உச்சிப் பிள்ளையாரிடம் போய்க் காற்று வாங்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். தாயுமானவரிடமிருந்து உச்சிக்கு ஏறும் வழியில் இடப்பக்கமாக ஒரு குடைவரை இருக்கிறது. கம்பிக் கதவு போட்டிருப்பார்கள். சில நாட்களில் பூட்டியும் இருக்கும். 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த இடம் அது. உள்ளே போனதும் கருவறையைத் தேடாமல் எதிரே மேற்குச் சுவரைப் பாருங்கள். சிவபெருமான் ஒரு காலைப் பூதகணத்தின்மேல் ஊன்றி, சடையில் ஒரு புரியை ஒரு கையால் விரித்துப் பிடித்திருக்கிறார். அந்தப் புரிக்கு நேர் மேலே கங்கை சிறிய பெண்ணுருவமாகக் கைகூப்பிக்கொண்டு இறங்குகிறாள். இருபுறமும் அடியார்கள். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் போல் ஆரவாரம் இல்லை; எல்லாம் அடக்கமாக, சுவரோடு சுவராக நிற்கின்றன.

சிற்பத்தின் இரு பக்கத்துத் தூண்களிலும் வடமொழிக் கல்வெட்டு உண்டு. அதன் கருத்தைத் தெரிந்துகொண்டு போனால்தான் அந்த இடம் பேசும். சிவனுக்கு ஆறுகள் என்றால் விருப்பம். காவிரியின் அழகைக் கண்டு அவள்மேலும் மனம் வைத்துவிடுவாரோ என்று அஞ்சிய மலைமகள், பிறந்த வீட்டை விட்டு இந்த மலையிலேயே வந்து தங்கிக்கொண்டு, காவிரி பல்லவனின் காதலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். காவிரியைப் பல்லவனுக்கு உரியவளாக்கும் அரசியல் அறிவிப்பை இவ்வளவு குறும்பாகச் செய்த அரசன் வேறு யாராவது இருக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. சோழநாட்டையும் காவிரியையும் பார்ப்பதற்கு உயரமான ஓரிடம் வேண்டும் என்று இறைவனே கேட்டதாக இன்னொரு செய்யுளும் அங்கே உண்டு.

தாயுமானவர் கதையும் ஆற்றோடு சேர்ந்ததுதான். மகளின் பேறுகாலத்துக்கு வரப் புறப்பட்ட தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, இறைவனே தாயின் உருவில் வந்து மருத்துவம் பார்த்தார் என்பது நம்பிக்கை. வெருகல் ஆறு பெருக்கெடுத்த நாட்களில் ஈச்சிலம்பற்றைக்கும் வெருகலுக்கும் இடையே நின்று தவித்தவர்களைக் கேட்டால் அந்தக் கதையின் அருமை தெரியும்.

உப்புவெளி எழுதியது:

திருவரங்கத்தைப் பின்னுக்குத் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. இலங்கைக்காரர்களான நமக்கு அங்கே தனி உறவு இருக்கிறது. இராமனிடம் பெற்ற அரங்க விமானத்தை விபீடணன் இலங்கைக்குக் கொண்டு வரும் வழியில் காவிரிக் கரையில் இறக்கிவைக்க, அது அங்கேயே நிலைத்துவிட்டது; விபீடணனின் வருத்தம் தீரவே பெருமாள் தெற்கு நோக்கி, இலங்கையைப் பார்த்தபடி பள்ளிகொண்டிருக்கிறார் என்பது தலபுராணம். அந்தச் சந்நிதியில் நிற்காமல் வேறு எங்கே தொடங்குவது?

மனையாவெளியான் எழுதியது:

கும்பிடுகிறவர் எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் வரலாற்று ஆசிரியர்கள் போகிறார்கள் என்பதால், அந்தக் கோயிலின் மதில்களைப் பற்றி எழுதுகிறேன்.

திருவரங்கத்துக்கு ஏழு சுற்றுக்கள். வெளிச் சுற்றுக்களில் வீடுகளும் கடைகளும் இருப்பதால் கோயிலுக்குள் எப்போது நுழைந்தோம் என்றே பலருக்குத் தெரிவதில்லை. முதலில் எதிர்ப்படும் தெற்கு இராசகோபுரம் பதின்மூன்று நிலை, ஏறக்குறைய 236 அடி. நூற்றாண்டுகளாக அடித்தளத்தோடு நின்றுபோயிருந்ததை 1987இல்தான் முடித்தார்கள். பழமை பார்க்க வந்தவர்கள் அதையே நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, உள்ளே சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைத் தூண்களுக்கு நேரமில்லாமல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். 1311இல் மாலிக் காபூரின் படை வந்தது. 1323இல் மீண்டும் தில்லிப் படை வந்தபோது உற்சவமூர்த்தியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். விசயநகரத்தார் மதுரைச் சுல்தான்களை வென்ற பின், 1371இல்தான் மூர்த்தி திரும்பி வந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு! 1622இல் பறங்கியர் கோணேசர் கோயிலை இடித்தபோது திருமேனிகளை மறைத்துக் காத்த ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல ஆள் தேவையில்லை.

பழைய துருசு அண்ணனுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. 1751இல், ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவரில் ஆங்கிலேயர் ஆதரித்த முகம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் இருக்க, மற்றவரான சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும் வெளியே முற்றுகையிட்டார்கள். ஆங்கிலேயர் பக்கத்துக் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தது அந்த முற்றுகையைத் தளர்த்தத்தான். மறுவருடம் பிரெஞ்சுத் தளபதி லோ தன் படையோடு திருவரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார்; ஆறுகள் இரண்டும் தன்னைக் காக்கும் என்று எண்ணியிருப்பார். ஆங்கிலேயர் கொள்ளிடத்தைக் கடந்து சமயபுரத்தில் இருந்துகொண்டு வடக்கு வழியை அடைத்தார்கள். காவல் என்று நம்பிய தண்ணீரே சிறையாகிவிட்டது. 1752 ஜூனில் சரணடைந்தார். அதே இரண்டு வல்லரசுகள் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நமது திருகோணமலைத் துறைமுகத்துக்காகவும் மோதின. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் அதை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரான் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். திருச்சிக் கோட்டையையும் நமது பிரெட்ரிக் கோட்டையையும் ஒரே பாடமாக நடத்தலாம்.

கிண்ணியா பாலம் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். சந்தா சாகிப்பைப் பற்றி எழுதிய சகோதரர் அவருடைய கல்லறை எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டார். 1752இல் அவர் கொல்லப்பட்ட பிறகு நத்தர்வலி தர்காவில் அடக்கஞ் செய்யப்பட்டார். அந்தத் தர்கா மலைக்கோட்டையிலிருந்து தொலைவில்லை. எல்லா மதத்தவரும் வருகிறார்கள். மலைக்கோட்டை, தர்கா, தெப்பக்குளம், லூர்து மாதா ஆலயம், 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கித் திருச்சிக்கு மாறிய புனித வளனார் கல்லூரி ஆகியவை எல்லாம் நடந்து பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. வாகனத்தில் போனால் நெரிசலில் வீணாக நேரம் போகும்.

தம்பலகாமத்தான் எழுதியது:

இழையில் ஒரு திசை விடுபட்டிருப்பதாகத் தோன்றுகிறது. நாம் திருச்சிக்குப் போவதைப் பற்றியே பேசுகிறோம். காவிரிக் கரையார் நம்மிடம் வந்ததைப் பேசவில்லை. பெரியகுளத்து வெல்கம் விகாரையில் இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு தமிழ்க் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. சைவர்களான சோழர் காலத்தில் தமிழர் கொடை கொடுத்த பௌத்தப் பள்ளி அது. கந்தளாயில் பிராமணர்களுக்கான சதுர்வேதிமங்கலம் இருந்தது. குளத்தைக் கட்டியது குளக்கோட்டன் என்று நமது மரபு சொல்ல, இரண்டாம் அக்கபோதி என்று சிங்கள நூல்கள் சொல்லும். அந்த வழக்கை இங்கே இழுக்கவில்லை. வயலும் குளமும் உள்ள இடத்தைத் தேடி அவர்கள் அமர்ந்தார்கள் என்பதே எனக்கு முக்கியம். ஆசிரியர்கள் புறப்படுமுன் ஒரு சனிக்கிழமை வெல்கம் விகாரைக்குப் போய்விட்டு வந்தால், திருச்சிக் கல்வெட்டுக்களைப் பார்க்கும்போது எழுத்தின் சாயல் பழகியதாக இருக்கும்.

எங்கள் பெரியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, போட் மெயில் புகையிரதத்தில் திருச்சிக்குப் போனவர்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு அந்த வழி அப்படியே இருக்கவில்லை. ஆதிகோணேசர் கோயிலுக்கு வேண்டிய பித்தளைச் சாமான்களை அந்தப் பயணங்களில்தான் வாங்கி வந்ததாகச் சொல்வார்கள்.

காவிரிக்கரை மாணவி எழுதியது:

இரண்டு இடங்களை விட்டுவிடாதீர்கள். முதலாவது திருவானைக்கா. பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரியது. கருவறையில் இலிங்கத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறும், மழைக்காலத்தில் நன்றாகவே தெரியும். ஒன்பது துளைகள் கொண்ட கற்சாளரத்தின் வழியாகத்தான் பார்க்க வேண்டும். உச்சிக்காலப் பூசையின்போது அர்ச்சகர் சேலை அணிந்து, அம்மனாகவே வந்து ஈசுவரனுக்குப் பூசை செய்வார். திருவரங்கத்தில் மதியம்வரை நின்றுவிட்டு வருகிறவர்கள் இதைக் காண முடியாது.

இரண்டாவது, துறையூர்ச் சாலையில் இருக்கும் திருவெள்ளறை. பெருமாள் கோயிலுக்கு வெளியே, தந்திவர்ம பல்லவனின் காலத்தில் கம்பன் அரையன் என்பவர் வெட்டிய கிணறு ஒன்று இருக்கிறது. நான்கு திசையிலிருந்தும் படிக்கட்டு இறங்கி, ஒவ்வொன்றும் இடையில் மடங்கித் திரும்புவதால், மேலிருந்து பார்த்தால் சுவத்திகை வடிவம். ஒரு துறையில் குளிப்பவர் மற்றத் துறையில் நிற்பவருக்குத் தெரியமாட்டார். ஏறக்குறைய 1200 ஆண்டுகளுக்கு முன் பெண்களின் வசதியை எண்ணி வெட்டினார்களோ என்று நினைக்கத் தோன்றுகிறது. காவிரி பெருகும் நாட்டில் ஆற்றுநீர் எட்டாத மேட்டு ஊர்கள் எப்படி வாழ்ந்தன என்பதற்கு இந்தக் கிணறுதான் விடை.

கோணமலை ஆசிரியர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முதல் நாள் முக்கொம்பு, திருவெள்ளறை, உறையூர். இரண்டாம் நாள் தீவு முழுவதும். மூன்றாம் நாள் காலை மலைக்கோட்டையும் தர்காவும், பிற்பகல் கல்லணை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சமயபுரத்தை விரும்புகிறவர்கள் தனியாகப் போய் வரட்டும். எங்கள் நாட்களுக்குள் ஆடிப்பெருக்கு வருகிறது. அதனால் இடைஞ்சல் உண்டா?

பழைய துருசு எழுதியது:

மேட்டூரில் தண்ணீர் போதுமாக இருந்தால் ஜூன் 12ஆம் திகதி திறப்பது வழமை. அப்படித் திறந்த ஆண்டில் ஆடி பதினெட்டுக்குக் காவிரி கரை தொட்டு ஓடும். இல்லாத ஆண்டில் மணலைத்தான் பார்ப்பீர்கள். ஆகையால் விமானச் சீட்டுப் பதிவுசெய்யுமுன் மேட்டூரின் நீர்மட்டத்தைச் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லணையில் வாகனத்தை இக்கரையில் நிறுத்திவிட்டு நடந்தே கடவுங்கள். கதவுகளைப் பார்ப்பதோடு நிற்காமல், நீர் குறைந்திருக்கும் பக்கம் பழைய கல்வரிசை தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள்.

காவிரிக்கரை மாணவி எழுதியது:

ஆடிப்பெருக்கன்று திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. பெண்கள் காப்பரிசியும் மஞ்சள் கயிறும் கொண்டுவந்து காவிரிக்குப் படைப்பார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். அந்த நாளைத் தீவுக்கு வைக்காமல் முக்கொம்புக்கும் திருவெள்ளறைக்கும் வையுங்கள். அதிகாலையில் மட்டும் படித்துறைக்குப் போய்விட்டு உடனே மேற்கே புறப்பட்டுவிடலாம். மலைக்கோட்டைக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், ஐயா. பாறையில் வெறுங்காலோடுதான் ஏற வேண்டும், பத்து மணிக்குப் பிறகு கால் சுடும்.